நீல முட்டை

குடிக்கிற தண்ணீர் நன்றாயிருந்தால் அந்தக் கோழிகள் நீல முட்டை போடும். விஷமிருந்தால் சிவப்பாகப் போடும். அதற்காகத்தான் அந்தத் தெருவில் வீட்டுக்கு வீடு இந்தக் கோழிகளை வளர்த்தார்கள்.

மகள் ஜெனிஷாவின் கிட்னி இரண்டும் கெட்டுவிட்டதாகச் சொன்ன டாக்டர், "வீட்டுல எந்தத் தண்ணிம்மா குடிக்கிறீங்க?" என்று கேட்டார்.

"எங்க கெணத்துத் தண்ணிதான் டாக்டர். காலையிலகூட நாலு முட்டையும் நீலம்," என்றாள் சகாயராணி.

"செவப்பு போட்டதே இல்லையா?"

"வாங்கின புதுசுல ரெண்டு கோழி போட்டுச்சு. ராசியில்லாததுன்னு அறுத்துக் கொழம்பு வெச்சிட்டோம். அப்புறம் நீலம் போடுறதோட முட்டையாப் பாத்துதான் அடை வெப்பேன். ஆறு வருஷமா ஒரு செவப்புகூட..."

சொல்லிக்கொண்டே வந்தவள் பாதியில் நிறுத்தினாள். "அப்ப செவப்பு போடுற வம்சத்தையே அறுத்துட்டீங்களேம்மா," என்றார் டாக்டர்.

வீட்டுக்கு ஓடிவந்து, செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழிகளின் தண்ணீர்ச் சட்டியில் ஊற்றினாள்.

"ஒருத்தியாவது செவப்பாப் போடுங்கடி," என்று கூட்டைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள்.

விடிந்தபோது நான்கும் செத்துக் கிடந்தன. ஒன்றின் வயிற்றடியில் ஒரு முட்டை இருந்தது, சூடு ஆறாமல், நல்ல நீலத்தில்.