சர்வர் பதில் தரவில்லை

மேலாளரின் மேசையில் இருந்த கணினி காலை ஒன்பது மணியிலிருந்து கருப்புத் திரையில் ஒரே வரியைக் காட்டிக்கொண்டிருந்தது: 'சர்வர் பதில் தரவில்லை.'

"ஏம்மா, உனக்குச் சம்பளம் தர்றது வேடிக்கை பார்க்கவா?" என்று மேலாளர் டெக்னீஷியன் பெண்மீது எரிந்து விழுந்தார்.

"இது ஹார்ட் டிஸ்க் இல்லாத மெஷின் சார். தலைமை ஆபீஸ் சர்வர் உள்ளே விட்டாத்தான் எழுந்திரிக்கும்."

"பாடம் நடத்தாதே. சரிபண்ணு!"

அவள் கேபிளை மாற்றினாள், பலனில்லை. பக்கத்து அறைக் கணினியைக் கொண்டுவந்து அதே கேபிளில் செருகினாள். அது அரை நிமிடத்தில் உயிர்பெற்றது.

மேலாளருக்கு ரத்தம் தலைக்கேறியது. "என்னுது மட்டும் ஓடட்டும். முதல் வேலையா உன்னை வீட்டுக்கு அனுப்புற லெட்டரைத்தான் அடிக்கப்போறேன்!"

அவள் முகம் செத்துப்போயிற்று. தலைமை அலுவலக சர்வர் பிரிவுக்குப் போன் போட்டாள். மணி அடித்ததுமே மேலாளர் அதைப் பிடுங்கி, தான் யாரென்று சொல்லிவிட்டுக் கத்தினார்.

"என் மெஷினுக்கு மட்டும் உங்க சர்வர் வாயைத் திறக்காதா?"

"அதைக் காலையிலேயே உள்ளே விடுற லிஸ்ட்ல இருந்து எடுத்துட்டோம் சார்."

"எவன்யா எடுக்கச் சொன்னது?"

மறுமுனைக் குரல் தடுமாறியது.

"வேலையை விட்டு எடுக்கிறவங்க மெஷினை முதல்ல நிறுத்தணும், அப்புறம்தான் லெட்டர் கொடுக்கணும்னு போன மாசம் நீங்கதானே சார் எழுதிக் கொடுத்தீங்க? லெட்டர் இன்னும் உங்க கைக்கு வரலையா?"