நோட்டில் இல்லாத சுரம்

கண்ணாயிரத்துக்கு ஒன்றும் புரியவில்லை.

"என்ன பாய் இது? மாப்பிள்ளை அழைப்புல வந்து இப்படி ஊதி வச்சிருக்கீங்க?"

கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் ஜானி பாஷா ட்ரம்பெட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

மெட்ராஸில் பெரிய ஹோட்டலில் பதினாறு வருஷம், நோட்டைத் தாண்டி இஷ்டத்துக்கு ஊதும் ஜாஸ் வாசித்த மனுஷன். எழுபத்தைந்தாம் வருஷம் அங்கே பேண்டை நிறுத்தியதும் திருவண்ணாமலைக்கே திரும்பிவிட்டார். அன்றிலிருந்து கண்ணாயிரம் பேண்டு செட்டுக்கு அவர்தான் வாத்தியார்.

கண்ணாயிரத்தின் சட்டம் ஊருக்கே தெரியும். ஒரு சுரம் பிசகினாலும் சிவப்புக் கோட்டைக் கழற்றிக் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதான்.

இன்றைக்கு ஊர்வலம் தேரடித் தெருவில் திரும்பும்போது, முன்னால் வழிவிலக்கிக்கொண்டு போன கண்ணாயிரத்தின் காதில் பிசகிய சுரம் ஒன்று விழுந்தது. சோற்றில் கல் கடித்த மாதிரி இருந்தது.

திரும்பிப் பார்த்தால், பாய் கண்ணை மூடிக்கொண்டு அதே தப்பை மறுபடி ஊதுகிறார். அப்புறம் இன்னொரு தரம். பிறகு அதையே வளைத்து, நெளித்து, எங்கெங்கோ இழுத்துக்கொண்டு போய், ஒருவழியாகப் பாட்டுக்குள் வந்து சேர்ந்தார். பக்கத்தில் புது ஆள் சகாதேவன் ட்ரம்பெட்டை இறக்கிவிட்டுப் பேயறைந்தவன் போல நின்றான்.

கூத்து என்னவென்றால், ஜனம் கைதட்டியது. பெண்ணின் அப்பா வேறு, "அந்த எடத்த இன்னொரு தரம் ஊதச் சொல்லுங்க" என்றார். திட்டுவதா, சிரிப்பதா என்றே கண்ணாயிரத்துக்கு விளங்கவில்லை.

"நோட்டுல இல்லாதத எதுக்குப் பாய் ஊதுனீங்க?"

"பழைய ஹோட்டல் புத்தி மொதலாளி. போவ மாட்டேங்குது."

"வாத்தியாருக்கு ஒரு நியாயம், மத்தவனுக்கு ஒரு நியாயமா? நீங்களே சொல்லுங்க."

பாஷா கோட்டைக் கழற்றி, மடித்து, பெட்டிமேல் வைத்தார். ஐம்பத்தெட்டு வயதில் இனி இவரை எந்த செட்டில் சேர்ப்பார்கள்? ஆனாலும் வாயைவிட்டு வந்த சட்டமாயிற்றே.

"சகாதேவா, இனிமே நீதான் மெயின் ட்ரம்பெட். மொத கல்யாணத்துலயே ஒரு பிசகு இல்லாம ஊதிட்ட. ஒம் பொஞ்சாதி பாஞ்சாலிக்கு நிறைமாசம்னு சொன்னியே, ஒனக்கும் ஒத்தாசையா இருக்கும்."

சகாதேவன் கோட்டுப் பித்தானில் கை வைத்தான்.

"டேய், நீ சும்மா இரு," என்று பாஷா அதட்டினார். அவர் குரல் உயர்ந்து அந்த செட்டில் யாரும் கேட்டதில்லை.

"இல்ல மாஸ்டர்."

பித்தான்களைக் கழற்றிக்கொண்டே கண்ணாயிரத்தின் பக்கம் திரும்பினான் சகாதேவன்.

"மொத தரம் தப்பா ஊதுனது நாந்தாங்க. யாரும் அதைத் தப்புன்னு நெனைச்சிடக் கூடாதுன்னுதான், மாஸ்டர் அதையே பாட்டாக்கிட்டாரு."