முகம் பொருந்தவில்லை

எங்கள் கல்லூரியில் வருகைப் பதிவைக் கேமராதான் போடும். இரக்கமே கிடையாது. சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போட மறந்து, ஜிலேபி தின்ன மட்டும் மறக்காத இசக்கிராஜாவை அது வாசலிலேயே நிறுத்தியது.

“முகம் பொருந்தவில்லை.”

“நான்தான் சார்! சளி புடிச்சு கன்னம் லேசா வீங்கியிருக்கு.”

“மெஷின் சொன்னா சொன்னதுதான்ப்பா. நீ நீதான்னு டாக்டர்கிட்ட சர்டிபிகேட் வாங்கிட்டு வா,” என்றார் துறைத்தலைவர்.

மூக்குக்குள் பார்த்த டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். கருப்புப் பூஞ்சை, கண்ணை நெருங்கியிருந்தது. அன்றைக்கே அறுவை சிகிச்சை. மேல்தாடையில் பாதி போனது; கண் தப்பியது.

புது முகத்தைப் பதிய அவனோடு கல்லூரிக்கு வந்த அம்மா, கேமராவுக்குக் கற்பூரம் காட்டினார்.

“நீங்கள் பதிவில் இல்லாதவர். வெளியேறவும்.”

“போயிடுறேன் சாமி,” என்றார் அம்மா, கன்னத்தில் போட்டுக்கொண்டே. “நீ நல்லாயிரு.”