பெருக்காமல் விட்ட இடம்

மலையடிக் காட்டில் ஒற்றைக் குடிசை. தனியாக இருந்து தியானம் செய்யவென்று சபாபதி அங்கே வந்திருந்தார். அவருக்குத் துணை ஒரு கோரைப்பாயும் ஒரு விளக்குமாறும்தான்.

விடிந்ததும் வாசல் மணலைப் பெருக்குவார். பிறகு பாயை விரித்துக் கண்ணை மூடி உட்காருவார்.

"யாருமே வராத வாசலை எதற்குத் தினமும் பெருக்குகிறார்?" என்று பாய் கேட்டது.

"சுத்தம் பார்க்கிற மனுஷர்" என்றது விளக்குமாறு, பெருமையாக. "ஆனால் பெருக்குவதற்கு முன்னால் மணலைக் குனிந்து குனிந்து பார்க்கிறார். எதைத் தொலைத்தாரோ தெரியவில்லை."

"என்மேல் உட்கார்ந்தால் எல்லாம் சரியாகிவிடும். யாரும் வேண்டாம் என்றுதானே வந்திருக்கிறார்" என்றது பாய்.

ஒருநாள் காலை, மணலில் ஒரு முயலின் காலடிகள் வாசல்வரை வந்து திரும்பியிருந்தன. சபாபதி அவற்றின் அருகே வெகுநேரம் குந்தியிருந்தார். பிறகு அந்தத் தடங்களை மட்டும் விட்டுவிட்டுச் சுற்றிலும் பெருக்கினார்.

விளக்குமாற்றுக்குக் கோபம். "இன்றைக்கு அரைகுறை வேலை. உன்மேல் வந்து உட்கார்ந்ததும் என்னவென்று கேட்டுச் சொல்."

மூலையில் சுருட்டி வைத்தபடியே இருந்த பாய் சொன்னது: "என்னை இன்னும் விரிக்கவே இல்லையே. வாசலையே பார்த்தபடி வெள்ளரிக்காய் நறுக்கிக்கொண்டிருக்கிறார்."