இருமல் கேட்கும் தூரம்

"லண்டன்லேருந்து கடுதாசி வந்திருக்குங்க" என்று மனைவி கெசியா நீட்டியதும் ஜோசயா வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார்.

பாஸ்டன் புரட்சி சபையில் அவர் பெரிய தலை. இங்கிலாந்து ராஜாவின் ஆள் எங்கே ஒளிந்திருந்தாலும், தெரிந்த உடனே பிடித்துக்கொடுப்பேன் என்று பைபிள்மேல் கை வைத்துச் சத்தியம் செய்தவர். அவருடைய பால்ய சிநேகிதர் லெமுவேலோ ராஜாவின் கவர்னருக்கு ஆலோசகர். புரட்சி வெடித்ததும் லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார் என்று ஊரே சொன்னது. ஆனாலும் இருவருக்கும் இடையே கடிதங்கள் நிற்கவில்லை.

ஜோசயா உரக்கப் படித்தார்.

"துரோகிப் பயலே, உன்னைத் தூக்கில் போடும் நாளில் முன்வரிசையில் நிற்பேன். அதுவரைக்கும் ராத்திரியெல்லாம் இப்படி இருமித் தொலைக்காதே. வெந்நீரில் தேன் கலந்து குடி."



"பாத்தியாடி, என் இருமல் லண்டன் வரைக்கும் கேக்குது!" என்று சிரித்த ஜோசயா, உடனே பதில் எழுதினார். வழக்கம்போல் லண்டன் கப்பல் மாலுமியிடம் சேர்க்கச் சொல்லி அவளிடம் கொடுத்துவிட்டுச் சபைக்குக் கிளம்பினார்.

அவர் தலை மறைந்ததும் கெசியா ஏணியில் ஏறிப் பரணுக்குள் நுழைந்தாள். வைக்கோல் மெத்தையில் உட்கார்ந்திருந்த லெமுவேலை வாங்கு வாங்கென்று வாங்கினாள்.

"அறிவிருக்காண்ணே உங்களுக்கு? கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கறவருக்கு இருமல் எப்படிக் கேக்கும்? நீங்க இங்க இருக்கறது தெரிஞ்சா அவரு சும்மா விடுவாரா?"

அவள் கொண்டுவந்த ஜோசயாவின் பதிலைப் பிரித்துப் படித்த லெமுவேல், அதை அவளிடமே நீட்டினார்.

"ராஜாவின் நாயே, எங்கே இருக்கிறாய் என்று மட்டும் எனக்கு எழுதிவிடாதே. தெரிந்தால் பிடித்துக்கொடுக்க வேண்டிவரும். லண்டனில் குளிர் அதிகமாம். என் கம்பளியைப் பரண் ஏணிக்குக் கீழே வைத்திருக்கிறேன்."