வாய் நனைக்காத பதினொரு பேர்

பதினொரு ஆண்கள் என் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து பதினொரு கோப்பை சர்பத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மின்சாரம் போனது.

ஏ.சி. ஒரு முனகலோடு அடங்கியது. வெளியே ஐம்பத்தொரு டிகிரி.

ஜூலை மாதம் மாலை நான்கு மணிக்கு பாஸ்ராவில் யாரும் யார் வீட்டுக்கும் போக மாட்டார்கள். பெண் கேட்க வந்தவர்களுக்கு மட்டும் வெயில் உறைப்பதில்லை.

என் மகள் சுஹாவைக் கேட்டு வந்திருந்தார்கள். பையன் மைதம், பல் மருத்துவன். தங்கமான பையன், அதுதான் எரிச்சல். திங்கட்கிழமை வடக்கே மலைநாட்டில் ஒரு மருத்துவமனையில் வேலைக்குச் சேர வேண்டும். நான் சரி என்றால் என் ஒரே மகள் பன்னிரண்டு மணி நேரப் பயணத்துக்கு அப்பால் போய்விடுவாள்.

அவளை அனுப்ப எனக்கு மனமில்லை. "வெயில் தணியட்டும், அக்டோபரில் பேசலாம்" என்று சொல்லி அனுப்புவதாக இருந்தேன். அக்டோபருக்கு வேறொரு சாக்கு கிடைக்காமலா போகும்.

சரி என்ற சொல்லை வாங்காமல் பெண் கேட்டு வந்தவர்கள் வாய் நனைக்க மாட்டார்கள். அவர்கள் குடிக்காமல் வீட்டுக்காரன் குடிக்கக் கூடாது. இந்த வழக்கத்தை யாரோ ஜனவரியில்தான் ஏற்படுத்தியிருக்க வேண்டும்.

"நாஹிதா, தெரு ஜெனரேட்டர் லைனுக்கு மாத்திவிடு" என்று உள்ளே குரல் கொடுத்தேன்.

"மாத்தியாச்சு. அதுவும் வரல" என்றாள் என் மனைவி.

பையனின் பெரியப்பா ஹாஜி ஷனாவாதான் கூட்டத்துக்குத் தலைவர். நீண்ட அங்கி, அதன் மேல் கறுப்பு மேலங்கி, தலையில் துணி, துணி மேல் வளையம். மனிதர் கௌரவத்தை அடுக்கடுக்காக உடுத்திக்கொண்டு வந்திருந்தார்.

"அபூ சுஹா, நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும்" என்றார், சுஹாவின் அப்பாவான என்னைப் பார்த்து.

"சொல்றேன் ஹாஜி. எங்க தாத்தா இந்தத் தெருவுக்கு வந்தப்போ இங்க ரெண்டே வீடு..."

தாத்தாவை முடித்து அப்பாவுக்கு வந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

ஒரு கோப்பையில் ஐஸ் கட்டி சரிந்து விழுந்தது. பதினொரு தொண்டைகள் ஒரே நேரத்தில் ஏறி இறங்கின. பன்னிரண்டாவது என்னுடையது.

பையனுடைய சின்ன மாமாவின் மீசைச் சாயம் கரைந்து தாடை வரைக்கும் வந்துவிட்டது. அவர் துடைத்துத் துடைத்து கன்னத்திலும் மீசை வளர்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. சிரிக்க எச்சில் வேண்டும்.

சன்னலுக்கு வெளியே அடுத்த வீட்டு ஏ.சி.யின் தண்ணீர் வாளியில் சொட்டிக்கொண்டிருந்தது. டொக். டொக். எழுந்து போய் அந்த வாளியில் முகத்தை வைத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன்.

மூலையிலிருந்த கிழவர் மெல்லப் பக்கத்து ஆளின் தோளில் சாய்ந்தார். பெண் கேட்டு வந்தவர்களுக்கு மையத்துப் பெட்டி தூக்கும் வேலையும் வந்துவிடுமோ என்று பயந்து போனேன்.

மைதம் மட்டும் சர்பத்தைப் பார்க்கவில்லை. வியர்வை கண்ணில் இறங்க இறங்க சமையலறைக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

நானும் ஒரு காலத்தில் இப்படி உட்கார்ந்தவன்தான். நாஹிதாவின் அப்பா ஊரறிந்த கல்நெஞ்சக்காரர், ஏழு பேரைத் திருப்பி அனுப்பியவர். என்னிடம் பத்தே நிமிடத்தில் சரி என்றார். வியர்வை வழிய வழிய நான் பேசிய பேச்சு அப்படி. அதைச் சுஹாவுக்கு நூறு தடவையாவது சொல்லியிருப்பேன்.

இந்தப் பையனுக்கு அந்தப் பேச்சு வராது. சும்மா கதவைப் பார்க்கத்தான் தெரிகிறது. என் கண் மறுபடி சர்பத்துக்குப் போனது.

அக்டோபர் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன்.

"சரி" என்றேன். "குடுத்துட்டேன். குடிங்கய்யா, குடிச்சுத் தொலைங்க."

ஹாஜி துஆ ஓதினார். அவ்வளவு வேகமான துஆவை நான் கேட்டதில்லை. பதினொரு கோப்பைகளும் ஒரே மூச்சில் காலியாயின. கிழவர் உயிர்பெற்று இரண்டாவது கோப்பை கேட்டார்.

உடனே ஏ.சி. உறுமிக்கொண்டு ஓடத் தொடங்கியது.

காலித் தட்டோடு உள்ளே போனபோதுதான் உறைத்தது. தெரு முழுக்க மின்சாரம் இல்லையென்றால் அடுத்த வீட்டு ஏ.சி. மட்டும் எப்படிச் சொட்டும்?

நாஹிதா ஸ்விட்ச் பெட்டியின் கதவை மூடிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் சுஹா, பாடம் படிக்கிற பிள்ளை போல அதைக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உன் பொண்ணு பிரிஞ்சு போறாளேன்னு உனக்குக் கவலையே இல்லையா?" என்றேன்.

"நாமளும் போவோம். ஜூலையில அங்க போர்வை போத்திக்கிட்டுத் தூங்குறாங்களாம்" என்றாள் நாஹிதா.

போர்வை. நான் கோபத்தைக் கொஞ்சம் கீழே இறக்கிவைத்தேன்.

"அது சரி, இப்படி ஒரு வேலை உனக்கு எப்படித் தோணுச்சு?"

"எனக்கு எங்க தோணுச்சு. எல்லாம் எங்கம்மா செஞ்சதுதான்" என்று சொல்லிவிட்டு பன்னிரண்டாவது கோப்பையை என் கையில் கொடுத்தாள்.

கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவன் அப்படியே நின்றுவிட்டேன்.

மாமனார் என்னிடம் சரி என்று சொன்ன அந்த நொடியில்தான், அதுவரை நின்றுகிடந்த மின்விசிறி தலைக்கு மேல் சுற்றத் தொடங்கியது. அது ஆண்டவன் போட்ட கையெழுத்து என்று இருபத்தேழு வருடமாக ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.