மானேஜர் காட்டிய ஊர்

கையில் காபிக் கோப்பை இருப்பதை மறந்துவிட்டு நண்பரைக் கட்டிப்பிடித்தது ஸ்டோர்கீப்பரின் தப்புதான். பதினெட்டு வருஷம் கழித்துப் பார்க்கிற பாசம். அதில் பாதி, நண்பரின் வெள்ளைச் சட்டையில் இறங்கிவிட்டது.

"அடப்பாவி! நாளைக்கு இதைத்தான்டா போட்டுக்கணும்!" என்று ரயில் நிலையமே திரும்பிப் பார்க்கக் கத்தினார் ஒட்டகம். உயரத்துக்காக ஹாஸ்டலில் வைத்த பெயர்; இன்னும் குனியவில்லை.

பெரிய கம்பெனி மானேஜர், ஒரு சட்டைக்கு இந்தப் பாடு படுகிறான். பதவி உயர உயரக் கையும் இறுகும்போல என்று நினைத்துக்கொண்டார் ஸ்டோர்கீப்பர். வாய்விட்டுச் சொல்லவில்லை. அவர் வேலை பார்த்த ஆலையை மூடி நாலு மாசம் ஆகிறது. ஒட்டகத்திடம் ஒரு வேலை கேட்கத்தான் ரயிலேறி வந்திருந்தார். "வெக்கப்படாம கேளுங்க. ஊரைச் சுத்திப் பாத்துட்டு வந்து நிக்காதீங்க" என்று மனைவி சொல்லித்தான் அனுப்பியிருந்தாள்.

ஒட்டகமோ ஊரைச் சுற்றிக் காட்டுவதிலேயே குறியாக இருந்தார். வெயில் கொளுத்தியது. ஆனாலும் மடக்கிய குடையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தபடி, கொடியேந்திய தலைவர்போல முன்னால் நடந்தார்.

"இடது பக்கம் தெரியுறது மணிக்கூண்டு. நூத்திப் பன்னிரண்டு படி. எல்லாரும் பாத்து வாங்க, வழுக்கும்."

"எல்லாருமா? நான் ஒருத்தன்தானேடா வந்திருக்கேன்?"

"சந்தேகம் இருந்தா கேக்கலாம்."

"இருக்கு. உங்க ஆபீஸ்ல..."

"மணிக்கூண்டைப் பத்தி."

ஸ்டோர்கீப்பர் மணிக்கூண்டைப் பற்றி ஒரு சந்தேகமும் இல்லாமல் நூற்றுப் பன்னிரண்டு படியும் ஏறினார்.

அருங்காட்சியகத்தில் உடைந்த பானை ஒவ்வொன்றுக்கும் ஜாதகம் சொன்னார் ஒட்டகம். பாலத்தில் முகத்தை இவர் பக்கம் வைத்துப் பின்பக்கமாகவே நடந்து போய், ஒரு சைக்கிள்காரரிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார். வேலைப் பேச்சை எடுத்தபோதெல்லாம், "அடுத்து நாம பாக்கப்போறது..." என்று குறுக்கே வெட்டினார்.

கேட்டுத் தொலைத்துவிடுவேனோ என்று பயந்துதான் இப்படி ஓட ஓட விரட்டுகிறான். ஸ்டோர்கீப்பருக்கு இது புரிய மத்தியானம் ஆயிற்று.

சாயங்காலம் ஏரிக்கரை பெஞ்சில் விழுந்தபோது கால் வீங்கியிருந்தது. முகமும்தான்.

"போதும்டா சாமி! ஏரி எவ்வளவு ஆழம்னு ஆரம்பிச்சே, அதிலேயே குதிச்சிருவேன். எனக்கு வேலை போயிருச்சு. உன்கிட்ட கேக்கலாம்னுதான் வந்தேன். உங்க கம்பெனியில ஒரு இடம் வாங்கித் தர முடியுமா, முடியாதா? சுத்தி வளைக்காம சொல்லு."

ஒட்டகம் குடையை இறக்கினார். பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். காலையிலிருந்து முதல் தடவையாக, ஹாஸ்டல் குரலில் பேசினார்.

"அங்கேயிருந்து என்னையே வீட்டுக்கு அனுப்பி அஞ்சு மாசம் ஆச்சுடா."

ஸ்டோர்கீப்பர் வீங்கிய காலைப் பிடித்துக்கொண்டு கேட்டார். "அப்புறம் எதுக்குடா காலையிலேருந்து இந்தக் கூத்து?"

"நாளைக்கு டூரிஸ்ட் கைடு வேலைக்கு இன்டர்வியூ. எப்படிடா சொன்னேன்?"